சமகால நாவல், கவிதை, கட்டுரைக்கு விமர்சனம் எழுதும் முறை: மறுக்க இடம் தரும் எதிர்வினை எப்படி இருக்கும்?

அடிக்கோடு

புதிய நூல்களுக்கு வரும் எதிர்வினைகளில் இரண்டு வகை அதிகம் தென்படுகிறது. ஒன்று, கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு "தவிர்க்க முடியாத படைப்பு" என்று முடிப்பது. மற்றது, நூல் எதைப் பற்றியதோ அதைப் பற்றி விமர்சகருக்கு ஏற்கெனவே இருந்த கருத்தை எழுதுவது. இரண்டிலும் ஒரே குறைதான். அதே நூலைப் படித்த இன்னொருவர் பக்கத்தைத் திறந்துவைத்து "இல்லை, இந்த இடத்தில் அப்படி நடக்கவில்லை" என்று மறுக்க வழியில்லை. அந்த வழி இருக்கும் எழுத்துக்குத்தான் விமர்சனம் என்று பெயர் தர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதற்கு என்னென்ன செய்யலாம் என்பதை நாவலிலிருந்து தொடங்குகிறேன். கவிதையும் கட்டுரையும் அறிந்தவர்கள் இந்த இழையில் தொடருங்கள்.

நாவலை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை குறிப்பு எதுவும் வேண்டாம். பென்சிலால் ஓரத்தில் இரண்டே அடையாளங்கள் போதும்: கவனம் நழுவிய இடத்தில் ஒரு கோடு, முன்பக்கத்துக்குத் திரும்பிப் போக வைத்த இடத்தில் ஒரு புள்ளி. இரண்டாம் வாசிப்பில் ஓர் அட்டவணை போடுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு வரிசை, நான்கு கட்டங்கள்:

– யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது
– கதைக்குள் எவ்வளவு காலம் கழிகிறது, எத்தனை பக்கத்தில்
– அத்தியாயத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே எது மாறியிருக்கிறது
– கதைசொல்லியின் மொழி முந்தைய அத்தியாயத்திலிருந்து விலகுகிறதா

முப்பது அத்தியாய நாவலென்றால் இரண்டு மூன்று தாளில் முடிந்துவிடும். பிறகு முதல் வாசிப்பின் கோடுகளை இந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "பிற்பகுதி அவசரமாக முடிகிறது" என்ற பொத்தாம்பொதுவான குறை, "முதல் 220 பக்கம் ஒரே வாரத்தில் நடக்கிறது, கடைசி 40 பக்கத்தில் இருபது ஆண்டுகள் ஓடுகின்றன, அந்த இருபது ஆண்டில் நாயகி எடுக்கும் மூன்று முடிவுகளும் தகவலாக மட்டுமே வருகின்றன" என்று மாறும். இதை ஒருவர் மறுக்கலாம். அந்தப் பாய்ச்சல் வேண்டுமென்றே செய்தது, அந்த ஆண்டுகள் அவளுக்கே வெறும் தகவலாகத்தான் இருந்தன என்று வாதிடலாம். அப்போது பேச்சு நூலுக்குள்ளேயே நடக்கும்.

நோக்குநிலை, அதாவது யார் கண் வழியாகக் கதை சொல்லப்படுகிறது என்பது, பிசகுவதையும் இப்படித்தான் பிடிக்க முடியும். "கதவைத் திறந்தவள் அவனைக் கண்டதும் முகம் வெளிறினாள்." அத்தியாயம் முழுக்க அவள் பார்வையில் ஓடிக்கொண்டிருந்தால், தன் முகம் வெளிறியதை அவள் எப்படிப் பார்த்தாள்? இது நான் உதாரணத்துக்காக எழுதிய வாக்கியம். ஆனால் இந்த வகைப் பிசகு முதல் நாவல்களில் மிக எளிதாக நுழையும்.

ஈற்றடி

நாவலுக்கு அட்டவணை சரி. கவிதைக்கு வேறு வழி வேண்டும். நான்கு சோதனைகள் சொல்கிறேன்.

முதலாவது, கவிதையை ஒரே பத்தியாக உரைநடையில் எழுதிப் பாருங்கள். எதுவும் இழக்கப்படவில்லை என்றால் வரி முறிப்பு வேலை செய்யவில்லை. தமிழில் எங்கே முறித்தால் என்ன ஆகும் என்பது ஓரளவு தெளிவானது. பெயரெச்சத்தில் முறித்தால் ("மறந்த / சட்டை") அடுத்த வரியின் பெயருக்காக மனம் காத்திருக்கும், இழுவிசை கூடும். வினைமுற்றில் முறித்தால் ஓய்வு கிடைக்கும். வினையை முன்னால் கொண்டுவந்து எழுவாயைக் கடைசி வரியில் தனியே நிறுத்தினால், அந்த ஒற்றைச் சொல்லின் மேல் முழு எடையும் விழும். அந்த எடையைத் தாங்கும் சொல்தானா என்று கேட்க வேண்டும். எல்லா வரியும் தொடரின் இயல்பான இடைவெளியிலேயே முறிந்தால் அது துண்டு போட்ட உரைநடை.

இரண்டாவது, தலைப்பை மறைத்துவிட்டுப் படியுங்கள். தலைப்பு இல்லாமல் புரியாவிட்டால், கவிதை செய்ய வேண்டிய வேலையைத் தலைப்பு செய்கிறது. தலைப்பு வெளிப்படையாக இருந்து கவிதை அதையே திரும்பச் சொன்னால் இரண்டில் ஒன்று தேவையில்லை.

மூன்றாவது, முடிவுகளை மட்டும் வரிசையாகப் படிப்பது. தொகுப்பில் அறுபது கவிதை இருந்தால் அறுபதின் கடைசி இரண்டு வரிகளையும் தனியே எழுதி, ஒவ்வொன்றும் காட்சியில் முடிகிறதா, கேள்வியிலா, யாரையோ நோக்கிய விளியிலா, பொது உண்மை சொல்லும் கூற்றிலா என்று குறியுங்கள். ஒரு கவிஞரின் பழக்கம் இங்கே பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு கவிதையாகப் படிக்கும்போது அழகாகத் தோன்றும் முடிவு, இருபதாவது முறை வரும்போது உத்தியாகிவிட்டது புரியும்.

நான்காவது, சொல் வழக்கம். மௌனம், நிழல், இரவு, கடல், சிறகு போன்றவை எத்தனை கவிதையில் வருகின்றன? அதிகம் வருவது குற்றமல்ல. ஒவ்வொரு முறையும் அதே வேலையைத்தான் செய்கின்றனவா என்பதே கேள்வி.

ஒரு மாதிரி. இதுவும் இந்த விவாதத்துக்காக எழுதியதுதான்:

மழை விட்ட பிறகு
கொடியில் மறந்த
சட்டையிலிருந்து
சொட்டிக்கொண்டிருக்கிறது
வானம்
நினைவுகள்
இப்படித்தான்
எப்போதும் ஈரமாகவே இருக்கின்றன

முதல் ஐந்து வரியில் கவிதை முடிந்துவிட்டது. "வானம்" தனி வரியில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. மழைநீர் சொட்டுகிறது என்று எதிர்பார்த்த இடத்தில் வானமே சொட்டுகிறது. அடுத்த மூன்று வரி அதற்கு விளக்கவுரை. "நினைவுகள்" என்ற அருவமான பன்மை வந்ததும் சட்டை வெறும் உவமானமாகச் சுருங்கிவிடுகிறது.

உரைகாரர்

ஈற்றடி, உங்கள் நோயறிதலில் எனக்கு உடன்பாடில்லை. கடைசி மூன்று வரியை வெட்டினால் மிஞ்சுவது ஒரு சாமர்த்தியமான மாற்றிப்போடல் மட்டுமே. "வானம் சொட்டுகிறது" என்பது படித்தவுடன் வியக்க வைக்கும், இரண்டாம் முறை வியப்பு இருக்காது. இந்தக் கவிதையின் உண்மையான குறை, அந்தச் சட்டை யாருடையது என்று அதற்குத் தெரியாததுதான். குழந்தையின் சட்டையா, வீட்டை விட்டுப் போனவருடையதா, மறந்தது யார்? அது தெரியாததால்தான் எழுதியவர் "நினைவுகள்" என்று பொதுவாகச் சொல்ல நேர்ந்தது. விளக்கம் விளைவு, காரணம் அல்ல. "கடைசி வரிகளை நீக்கியிருக்கலாம்" என்று எழுதும் விமர்சகர் இங்கே தவறான பாகத்தைக் கழற்றச் சொல்கிறார்.

ஈற்றடி

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. யாருடைய சட்டை என்று கவிதை சொல்லியே ஆகவேண்டியதில்லை. பொத்தான் இல்லாத சட்டை, சின்னக் கை வைத்த சட்டை என்று ஒரு பண்பு போதும். ஆனால் நீங்கள் சொன்ன வரிசை சரி. "விளக்கிவிட்டது" என்று குற்றம் காணும் முன், அந்த விளக்கம் எந்த வெற்றிடத்தை மூட வந்தது என்று தேட வேண்டும்.

புதுவாசகி

இரண்டு கேள்விகள்.

ஒன்று, அடிக்கோடு அவர்கள் சொன்ன நோக்குநிலைப் பிசகு எப்போதுமே குறைதானா? எல்லோர் மனதுக்குள்ளும் போய்வரும் கதைசொல்லிகள் உண்டே.

இரண்டு, வட்டார வழக்கில் எழுதிய நாவலை அந்த வட்டாரத்தைச் சேராதவர் விமர்சிக்கும்போது மொழியைப் பற்றி எதுவுமே சொல்லக் கூடாதா?

அடிக்கோடு

முதல் கேள்வி. எல்லாமறிந்த கதைசொல்லி இருந்தால் அது முதல் சில அத்தியாயங்களிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அவர் எல்லோர் மனதுக்குள்ளும் அடிக்கடி நுழைவார். நூறு பக்கம் ஒருத்தியின் பார்வையில் மட்டும் ஓடிவிட்டு, கதைக்கு ஒரு தகவல் தேவைப்படும் இடத்தில் மட்டும் இன்னொருவர் மனதுக்குள் எட்டிப் பார்த்தால் அதுதான் பிசகு. அட்டவணையின் முதல் கட்டம் இதற்காகத்தான். "பக்கம் 112இல் முதன்முறையாக அவன் மனம் திறக்கிறது, மறுபடி எங்கும் திறக்கவில்லை" என்று சொல்ல முடிந்தால் வாதம் நிற்கும்.

இதோடு ஓர் எச்சரிக்கையும் தேவை. பிசகு போலத் தோன்றும் ஒன்று உண்மையில் நுட்பமான உத்தியாக இருக்கலாம். இதைப் பாருங்கள்:

"அவள் பையைத் துழாவினாள். சாவி இல்லை. காலையில் எடுத்தாளே, இங்கேதானே வைத்தாள்? இனி நாளைக்குத்தான் பூட்டுக்காரன் வருவான்."

"என்று நினைத்தாள்" எங்கும் இல்லை. வினை படர்க்கையில் இருக்கிறது. ஆனால் "எடுத்தாளே" என்பதன் ஏகாரமும் "இங்கேதானே"வும் "நாளைக்கு"ம் அவளுடையவை. கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் அவள் குரல் கலந்திருக்கிறது. தமிழில் இந்தக் கலப்பைச் செய்பவை பெரும்பாலும் இடைச்சொற்களும் சுட்டுகளும் காலப்பெயர்களும்தான். ஏ, தானே, போலும், இங்கே, இன்று, நாளை ஆகியவை யார் நிற்குமிடத்திலிருந்து வருகின்றன என்று பாருங்கள். ஓர் எழுத்தாளர் இதை நன்றாகச் செய்கிறாரா என்று சொல்ல "உரைநடை நுட்பமானது" என்ற ஒரு வரி போதாது. இப்படி நான்கு வரியை எடுத்துக் காட்டினால் போதும்.

இரண்டாம் கேள்வி. வழக்கு "சரியா" என்று வெளியாள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரே வட்டாரத்துக்குள்ளேயே சாதி, தலைமுறை, தொழில் என்று பேச்சு மாறும். ஆனால் நூலுக்குள் நிலவும் ஒழுங்கை யாரும் பரிசோதிக்கலாம். ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் ஒருவர் "அவுக" என்றும் மற்றவர் "அவிய" என்றும் காரணமின்றிப் பேசுகிறார்களா? உணர்ச்சி உச்சத்தில் மட்டும் எல்லோரும் பொதுத்தமிழுக்கு மாறிவிடுகிறார்களா? உரையாடல் வழக்கிலும் விவரணை எழுத்துத்தமிழிலும் இருந்தால் அந்த எல்லை எங்கே உடைகிறது, உடையும்போது எதற்காக? படித்த பாத்திரங்கள் மட்டும் பொதுத்தமிழ் பேசி உழைப்பவர்கள் மட்டும் வழக்குப் பேசினால், அது வெறும் மொழிக் கேள்வி அல்ல.

நெடுங்கணக்கு

கடைசி வரியில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதுவரை சொன்னதெல்லாம் நாவலைப் பாகம் பாகமாகக் கழற்றி அடுக்கும் வேலை. சமூகத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒன்றைச் சமூகத்தோடு வைத்துப் பார்க்காத விமர்சனம் பாதிதான். இலங்கை விமர்சகர் கைலாசபதி 1968இல் தமிழ் நாவல் பற்றி எழுதிய நூல் நாவல் என்ற வடிவத்தையே சமூக மாற்றத்தோடு இணைத்துப் பார்த்தது. முடிவுகளோடு உடன்படாதவர்களும் அந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. பெண்ணியமும் தலித் விமர்சனமும் பிறகு கேட்ட கேள்விகள் இன்னும் கூர்மையானவை. எண்ணிக்கையும் அட்டவணையும் அவற்றுக்கு முன்னால் என்ன செய்யும்?

உரைகாரர்

நெடுங்கணக்கு, கேள்வி நியாயமானது. அதை அட்டவணைக்கு எதிராக நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்தப் பழைய பிணக்கு தமிழில் பல வடிவத்தில் வந்திருக்கிறது. சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் வரிவரியாக அலசும் முறையை வளர்த்தது. விமர்சகர் க.நா.சு. தேர்ந்த வாசகரின் ரசனைத் தீர்ப்பை நம்பினார். கைலாசபதி வழியினர் இரண்டிலும் வரலாறு இல்லை என்றார்கள். மூன்றும் ஒன்றையொன்று விலக்க வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்கும் சமூகக் கேள்வியையே பக்கத்தில் காட்ட முடியும். ஒரு நாவலில் யாருக்கெல்லாம் பெயர் இருக்கிறது, யார் "வேலைக்காரி", "அந்தக் கிழவன்", "டிரைவர்" என்று மட்டும் வருகிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். பெயர் உள்ளவர்களில் யாருக்கு எண்ணங்கள் தரப்பட்டிருக்கின்றன, யார் வெளியிலிருந்து மட்டும் பார்க்கப்படுகிறார்கள்? யாருடைய உடல் வர்ணிக்கப்படுகிறது, எந்தச் சொற்களால்? யாருடைய உழைப்பு படிப்படியாக விவரிக்கப்படுகிறது, யாருடையது "வேலையை முடித்துவிட்டு வந்தாள்" என்று ஒரே வரியில் கடந்துபோகிறது? ஒரு முற்போக்கான நாவல் தன் கொள்கைக்கு எதிராக நடந்துகொள்ளும் இடம் இங்கேதான் அகப்படும். கதைசொல்லி பெண் விடுதலை பேசிக்கொண்டிருக்க, முந்நூறு பக்கத்தில் ஒரு பெண்ணுக்கும் தனியே சிந்திக்க ஒரு பத்தி கிடைக்காமல் போயிருக்கலாம்.

கோட்பாட்டை முன்வைத்து எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. நச்சினார்க்கினியர் பழைய இலக்கியங்களுக்கு உரை எழுதிய பெரிய உரையாசிரியர். ஆனாலும் பத்துப்பாட்டில் எங்கோ தள்ளிக் கிடக்கும் சொற்களை மாட்டு என்ற இலக்கண உத்தியின் பெயரால் இழுத்துக் கூட்டிப் பொருள் கொண்டதற்காக அவர் கடுமையான கண்டனத்துக்கு ஆளானார். மறைமலையடிகள் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியபோது பாட்டில் சொற்கள் அமைந்த வரிசையை அப்படிக் கலைக்கக் கூடாது என்ற நிலையிலிருந்தே அதை எதிர்த்தார். இன்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சொல், இருபதாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி, இடையே உள்ளதை விட்டுவிட்டு இரண்டையும் ஒரு கோட்பாட்டுக்குள் கோப்பவர் செய்வதும் அதே காரியம். தன் வாசிப்புக்கு ஒத்துவராத அத்தியாயம் எது என்று விமர்சகர் தானே குறிப்பிட்டு, அதற்குப் பதில் சொல்லட்டும். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் போன்றவர்கள் மற்ற உரைகளை எடுத்துக்காட்டி "என்று உரைப்பாரும் உளர்" என்ற பிறகுதான் தம் மறுப்பைச் சொல்வார்கள். அந்த ஒழுக்கம் மதிப்புரைக்கும் பொருந்தும்.

நெடுங்கணக்கு

பெயர்ப் பட்டியல் முறையை ஏற்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பாத்திரத்தின் கருத்தை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொண்டு தாக்குவது இப்போது பெருகியிருக்கிறது. சாதிவெறி பேசும் பாத்திரம் ஒரு நாவலில் இருப்பது குற்றமல்ல. அந்தப் பேச்சுக்கு நூலுக்குள் என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும். யாராவது எதிர்க்கிறார்களா, நிகழ்வுகள் அதைப் பொய்யாக்குகின்றனவா, கதைசொல்லியின் சொந்த வர்ணனையிலும் அதே சொற்கள் எதிரொலிக்கின்றனவா? மூன்றாவதுதான் தீர்மானிக்கும் சான்று. பாத்திரத்தின் வசவு கதைசொல்லியின் பெயரடையாக மாறியிருந்தால் அங்கே கை வைக்கலாம்.

புதுவாசகி

கட்டுரைத் தொகுப்பை யாரும் தொடவில்லையே? அதற்குத்தான் மதிப்புரை எழுதுவது கடினமாக இருக்கிறது. கதை இல்லை, பாத்திரம் இல்லை, கடைசியில் பொருளடக்கத்தை வரிசையாகச் சொல்வதில் போய் முடிகிறது.

உரைகாரர்

கட்டுரைக்குப் பழைய இலக்கண நூலான நன்னூலைப் போல உதவும் கருவி வேறு இல்லை. அதன் ஆசிரியர் பவணந்தி நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்கள் அப்படியே இன்றைய கட்டுரைக்குப் பொருந்துகின்றன: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல் (பிழையான சொற்களைச் சேர்த்தல்), மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல் (பொருளற்ற சொற்களை அடுக்குதல்), மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை (சொற்கள் இருந்தும் பயன் இல்லாமை).

இவற்றில் நான்கு எப்போதும் கையில் இருக்கட்டும்.

கூறியது கூறல். வாராந்தரப் பத்தியாக வந்தவற்றைத் தொகுத்த நூலில் இது தவறாமல் இருக்கும். ஒவ்வொரு வாரமும் புது வாசகருக்காக அறிமுகம் திரும்பச் சொல்லப்பட்டிருக்கும். இதழில் அது தேவை, நூலில் அது தொகுப்பாசிரியர் செய்யாமல் விட்ட வேலை. ஆகவே கட்டுரையாளரின் சிந்தனைக் குறையாக இதை எழுதாதீர்கள். கட்டுரைகள் முதலில் எங்கே, எந்த ஆண்டில் வந்தன என்ற பட்டியல் நூலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அதைக் குறையாகச் சொல்லுங்கள். ஆண்டு தெரியாமல் "இப்போது" என்று தொடங்கும் கட்டுரைக்குப் பொருளே இல்லை.

மாறுகொளக் கூறல். பத்து ஆண்டுக் கட்டுரைகளில் கருத்து மாறுவது இயல்பு, அது முரண் அல்ல. ஒரே கட்டுரைக்குள் முன்னும் பின்னும் மோதினால்தான் குற்றம்.

மற்றொன்று விரித்தல். தன்னனுபவக் கட்டுரையில் கிளைபிரிவது அழகாகவும் இருக்கலாம். கிளையை நீக்கிப் பார்த்து, மையப் பேச்சு அப்படியே நின்றால் விரித்தது வீண். மையம் சரிந்தால் அது கிளையே அல்ல.

சென்று தேய்ந்து இறுதல். வலுவான கேள்வியோடு தொடங்கிப் போகப்போக மெலிந்து பொதுவான நல்லெண்ணத்தில் கரைவது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: முதல் பத்தியின் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள், கடைசிப் பத்தி அதற்கு விடை சொல்கிறதா, வேறொரு சுலபமான கேள்விக்கு விடை சொல்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, தகவல் சரிபார்ப்பு. ஒவ்வொரு தொகுப்பிலும் ஐந்து கூற்றுகளையாவது எடுத்து மூலத்தில் தேடிப் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது கட்டுரையின் வாதம் முழுக்கச் சாய்ந்திருக்கும் கூற்றாக இருக்கட்டும். ஓர் ஆண்டு எண் தவறியிருப்பதும், வாதத்தைத் தாங்கும் கூற்றே தவறியிருப்பதும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே குரலில் சொல்லக் கூடாது. "கல்வெட்டு சொல்கிறது" என்றால் எந்த ஊர்க் கல்வெட்டு, எந்தத் தொகுதியில் பதிப்பானது? "ஓர் ஆய்வின்படி" என்றால் யாருடையது? பழைய பாடலை மேற்கோள் காட்டும்போது ஒரு வரியை மட்டும் பிடுங்கியிருந்தால் முழுப்பாட்டையும் எடுத்துப் பாருங்கள். மேற்கோள் பொருள் திரிவது பெரும்பாலும் அங்கேதான்.

மெய்ப்பு

இதழுக்கு வரும் மதிப்புரைகளைச் செப்பனிடும் பக்கத்திலிருந்து சில நடைமுறைகள்.

ஆயிரம் சொல் மதிப்புரையில் கதைச் சுருக்கம் 150 சொல்லைத் தாண்ட வேண்டாம். உங்கள் வாதம் புரிய எது தேவையோ அது மட்டும். முடிவை வெளிப்படுத்தாமல் வாதிடவே முடியாது என்றால், முதல் பத்தியிலேயே அதைச் சொல்லி வாசகரை எச்சரித்துவிடுங்கள். மேற்கோள் இரண்டு அல்லது மூன்று, ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து வரி. ஒவ்வொரு மேற்கோளுக்கும் பின்னால் குறைந்தது அதே அளவு உங்கள் பேச்சு இருக்க வேண்டும். மேற்கோளை வைத்துவிட்டு "எவ்வளவு அழகான வரிகள்!" என்று நகர்ந்தால் அந்த இடம் வீண்.

பக்க எண்ணோடு பதிப்பும் ஆண்டும் போடுங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு மறுபதிப்புகளில் பக்கங்கள் நகர்ந்துவிடுகின்றன, அதனால் அத்தியாய எண்ணையும் சேர்த்தால் நல்லது. நிலையான பக்க எண் இல்லாத மின்நூலில் அத்தியாயமும் பத்தியின் முதல் இரண்டு மூன்று சொற்களும் போதும். "திருத்திய பதிப்பு" என்று இருந்தால் எதைப் படித்தீர்கள் என்று சொல்லாமல் குறை கூறாதீர்கள்.

சிறுகதைத் தொகுப்பில் கதைகள் எழுதிய வரிசையில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கடைசிக் கதையை வைத்து "எழுத்தாளர் வளர்ந்திருக்கிறார்" என்று எழுதினால், அதுதான் அவருடைய முதல் கதை என்று பின்னிணைப்பு சொல்லும்.

அணிந்துரையையும் பின்னட்டையையும் மதிப்புரை எழுதி முடிக்கும்வரை படிக்காதீர்கள். அணிந்துரையில் உள்ள ஒப்பீடு, அதே பெயரடை, அதே மேற்கோள் மதிப்புரையில் வந்தால் ஆசிரியர் குழுவுக்கு உடனே தெரிந்துவிடும். வெளியீட்டு விழாவில் பேசியதை அப்படியே விமர்சனமாக அனுப்புவதும் வேண்டாம். விழா உரை வாழ்த்தும் வகை, அதற்கு அதன் இடம் உண்டு.

நீக்க வேண்டிய சொற்கள்: முக்கியமான வரவு, அடர்த்தியான மொழி, செறிவான, வாழ்வின் தரிசனம், புதிய பாய்ச்சல். இவற்றை அடித்துவிட்டு அந்த இடத்தில் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். "அடர்த்தி" என்றால் வாக்கியம் நீளமா, உவமை மிகுதியா, விவரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறதா?

எழுத்தாளர் நண்பரென்றால், உங்கள் நூலும் அதே பதிப்பகத்தில் வந்திருந்தால், ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சொன்னால் மதிப்பு குறையாது.

மேற்கோளின் சட்டப் பக்கம்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை மீறலாகக் கொள்வதில்லை. எத்தனை வரி என்று அதில் எண் கிடையாது. நாவலில் ஒரு பத்தி சிக்கலே இல்லை. ஐந்து வரிக் கவிதையை முழுக்கப் போட்டால் படைப்பையே முழுமையாக மறுபதிப்புச் செய்ததாகிவிடும், ஆகவே கவிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அட்டைப்படத்தோடு முழுக் கவிதையைப் போட்டு, கீழே ஒரு வரிப் பாராட்டு எழுதுவதை விமர்சனம் என்று சட்டமும் எளிதில் ஏற்காது.

புதுவாசகி

மொழிபெயர்ப்பு நாவல்?

மெய்ப்பு

மூலம் படிக்கத் தெரியாவிட்டால் மொழிநடையின் பெருமையையோ குறையையோ மூல ஆசிரியர் தலையில் வைக்காதீர்கள். நீங்கள் படித்த வாக்கியம் மொழிபெயர்ப்பாளருடையது. கட்டமைப்பு, நோக்குநிலை, காலப்பகுப்பு பற்றிப் பேசலாம், அவை பெரும்பாலும் கடந்து வந்துவிடும். மொழிபெயர்ப்பைத் தமிழ் உரைநடையாக மதிப்பிடுங்கள்: முறைப்பெயர்கள் சரியாக அமைந்திருக்கின்றனவா, நீ–நீங்கள் தேர்வு பாத்திர உறவுக்கு ஏற்ப மாறுகிறதா, செயப்பாட்டு வினை மலிந்திருக்கிறதா? மொழிபெயர்ப்பாளர் பெயரை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மூல மொழியிலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாகவா என்பதை உரிமைப் பக்கத்தில் பார்த்துக் குறிப்பிடுங்கள்.

நெடுங்கணக்கு

முதல் நூல் எழுதியவரைக் கடுமையாக விமர்சிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில், குறை சொல்லலாம், சலுகை வேண்டாம். ஆனால் முதல் நூலில் பழக்கமாகிவிட்ட குறையையும் கைப்பழக்கம் போதாமல் நேர்ந்ததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நோக்குநிலை இரண்டு இடத்தில் பிசகுவது அடுத்த நூலில் சரியாகிவிடும். எல்லாப் பெண் பாத்திரங்களும் நாயகனுக்கு ஆறுதல் சொல்ல மட்டுமே வருவது தானாகச் சரியாகாது. தானாகச் சரியாகாத குறைக்கே அதிக இடம் கொடுங்கள்.

ஈற்றடி

எழுத்தாளர் பக்கத்துக்கும் ஒரு சொல். மதிப்புரைக்குப் பதில் எழுதுவதானால் தகவல் பிழையை மட்டும் திருத்துங்கள்: பாத்திரத்தின் பெயர் மாறியிருந்தால், நூலில் இல்லாத வரி மேற்கோளாக வந்திருந்தால், பதிப்பு குழம்பியிருந்தால். "நான் சொல்ல வந்தது அதுவல்ல" என்ற விளக்கம் வேண்டாம், சொல்ல வந்தது பக்கத்தில் இருந்தால் இன்னொரு வாசகர் எடுத்துக் காட்டுவார். இதழுக்குக் கடிதமாக அனுப்பும்போது மதிப்புரையின் எந்த வாக்கியம், நூலில் எந்தப் பக்கம் என்று இரண்டையும் அருகருகே கொடுத்தால் ஆசிரியர் குழு உடனே சரிபார்த்துத் திருத்தம் வெளியிட முடியும்.

அடிக்கோடு

அதே வடிவத்தை மதிப்புரையை மறுக்கும் வாசகர்களும் பின்பற்றலாம். அடுத்த வாரம் ஒரு புதிய சிறுகதைத் தொகுப்பை எடுத்து, இங்கே சொன்ன அட்டவணையையும் பெயர்ப் பட்டியலையும் இந்த இழையிலேயே நிரப்பிப் பார்க்கலாம். படித்து முடித்த தொகுப்பு எதையாவது முன்மொழிய விரும்புபவர்கள் பதிப்பையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.